தாமதத்துக்கான காரணம்

சீல் ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னபோது ரேணுகாதேவிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, கால்தான் வலித்தது. வேலாம்பட்டறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்து மணி நேரம் அட்டைப்பெட்டியை மடியிலும் தெர்மோகோல் பெட்டியைக் காலுக்கிடையிலும் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட இறங்காமல், டீ குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும், போனால் பெட்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று டீயும் குடிக்காமல் வந்து, இந்தத் தடயவியல் ஆய்வகத்தின் இரண்டாம் நம்பர் கவுண்டரில் ஒன்றே கால் மணி நேரம் நின்ற பிறகு கேட்ட முதல் முழு வாக்கியம் அது. திருவேங்கடம் என்று பெயர்ப்பலகை வைத்திருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாலாவது காகித உறையை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். "பாருங்க, நீங்களே பாருங்கம்மா. லெட்டர்ல கோர்ட் முத்திரையோட மாதிரி சுத்தமா இருக்கு. மூணு கவர்ல சரி. இதுல ஒரு எழுத்துகூட தெரியலை, அரக்கு வழிஞ்சு கெடக்கு." அவள் பார்த்தாள். சிவப்பு அரக்கு கட்டியான ரத்தம் மாதிரி இருந்தது, ச்சே, எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது இப்போதெல்லாம். "சார், மூணு சரியா இருக்கே, கோர்ட் லெட்டரும் இருக்கு..." "நான் வாங்கிக்குவேன். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நடுவுல யாரோ பிரிச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கேஸுதான் போகும். கோர்ட்டுக்கே கொண்டு போய் புதுசா சீல் வச்சு, புது லெட்டரோட வாங்க." நாளையிலிருந்து பொங்கல் லீவு என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் லீவு முடிந்து வாருங்கள் என்று அவர் சொன்னார். குரலில் எந்தக் கெடுதியும் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

சுவரோரம் இருந்த இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்றது. ஷூவுக்குள் இடது கால் சுண்டுவிரல் எரிந்தது. நாலாவது கவர், நாலாவது கவர்தானா, மற்ற மூன்றில் ஒன்று வழிந்திருக்கக் கூடாதா. நேற்று கோர்ட்டில் அந்த அலுவலக உதவியாளர் மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டிக்கொண்டே யாரிடமோ செல்போனில் கரும்புக் கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று கவருக்கு ஒழுங்காக வைத்தார். நாலாவதற்கு அரக்கு சூடு ஆறுவதற்குள் முத்திரையை அமுக்கி ஒரு இழு இழுத்துவிட்டார். அவள் பார்த்தாள். பக்கத்தில்தான் நின்றாள். "அண்ணே, இன்னொரு தடவை வச்சிடுங்களேன்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்து, அவர் முகத்தைப் பார்த்து, மணி ஐந்தாகிவிட்டதைப் பார்த்து, பரவாயில்லை மூன்று சரியாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விட்டது. வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போவது. எத்தனை வார்த்தைகள் அப்படித் திரும்பிப் போயிருக்கின்றன, எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன அவையெல்லாம். ஒரு வார்த்தை, அரை நிமிஷம், ஒரு சொட்டு அரக்கு. அரை நிமிஷத்துக்குப் பதிலாக இப்போது ஆறு நாள். லீவு மூன்று நாள், அப்புறம் சனி ஞாயிறு, திங்கட்கிழமை மனு, செவ்வாய்க்கிழமை கோர்ட், புதன்கிழமை பஸ். ஆறு கூட இல்லை, எட்டு. எட்டு நாள் இது எங்கே இருக்கும்? ஸ்டேஷன் பீரோவில், பழைய தலைக்கவசத்துக்கும் கோயில் திருவிழா பந்தோபஸ்து ரெஜிஸ்டருக்கும் நடுவில், எலி வருகிற பீரோவில்.

இன்ஸ்பெக்டர் சகாயமேரிக்குப் போன் செய்தாள். மூன்றாவது தடவை எடுத்தார். "வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டியதுதானே ரேணுகா? கண்ணு எங்க இருந்துச்சு?" "பார்த்தேன்மா." "பார்த்தியா? பார்த்துட்டுமா வாங்கினே?" அந்தப் பக்கம் யாரோ சல்யூட் அடிக்கிற சத்தமும் வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்டன. "சரி, கொண்டா. லீவு முடிஞ்சு பார்க்கலாம். வேற என்ன பண்ணச் சொல்றே" என்று போன் வைக்கப்பட்டது. அப்போதுதான் முழங்காலில் ஈரம் தெரிந்தது. தெர்மோகோல் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கசிந்து காக்கிப் பேன்ட்டில் கருப்பாகப் பரவியிருந்தது. உள்ளே இரண்டு ரத்த மாதிரிக் குழாய்கள், ஒன்று புகார் கொடுத்த பெண்ணுடையது, ஒன்று கைதான வேன் டிரைவருடையது, இரண்டும் அருகருகே ஒரே ஐஸில். அதை நினைத்தபோது உடம்பு ஒரு தரம் கூசியது. ஐஸ் கரைகிறது. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எதிரே ஜூஸ் கடையில் இருந்த பெண் கொஞ்சம் ஐஸ் கேட்டதும் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "மீனுங்களா அக்கா?" "இல்லம்மா. மருந்து." "மருந்துன்னா காசு வேணாம், எடுத்துக்குங்க" என்று இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டாள். மீன் என்றே சொல்லியிருக்கலாம். மருந்து என்று ஏன் சொன்னோம், வாயில் எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது, உண்மை மட்டும்தான் திரும்பிப் போகிறது. மறுபடியும் பெஞ்ச். மறுபடியும் டக், டக். திருவேங்கடம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார், எலுமிச்சைச் சாதத்தின் வாசனை பினாயில் வாசனையோடு கலந்து வந்தது. அவளுக்குப் பசித்தது. பசித்தது என்பதே அசிங்கமாக இருந்தது.

அந்த நாலாவது கவருக்குள் ஒரு துப்பட்டா இருந்தது. இளநீலம், ஓரத்தில் சின்ன வெள்ளைப் பூ. அதை நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதத்தில் மடித்து, மடிப்புக்கு நடுவே இன்னொரு காகிதம் வைத்து, எல்லாம் அவளே செய்தாள், பயிற்சியில் சொன்னதை ஒன்று விடாமல். துவைக்காமல் மிஞ்சிய ஒரே துணி அதுதான். மற்றதையெல்லாம் தாய் துவைத்துவிட்டாள். அந்தப் பெண் காலை பத்தேகாலுக்கு ஸ்டேஷன் படியேறியபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, சீயக்காய் வாசனை, பத்தொன்பது வயசு, பனியன் கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது, யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை போலிருக்கிறது. தாய் கட்டட வேலைக்குப் போகிறவள், உள்ளங்கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. "ராத்திரி பூரா அழுதுகிட்டே இருந்துச்சும்மா. மேலெல்லாம் அழுக்கு அழுக்குன்னுச்சு. தலைக்கு ஊத்தி விட்டேன். துணியெல்லாம் அலசிப் போட்டுட்டேன். தப்பாம்மா?" என்று கேட்டாள். தப்பு என்று யார் சொல்ல முடியும். பிறகு ஆஸ்பத்திரியில் மதியம் ஒரு மணிக்கு டாக்டரம்மா பஞ்சுக்குச்சிகளைக் குழாயில் போட்டு மூடிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "குளிக்கிறதுக்கு முன்னாடி, நேத்தே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். அப்போது தாய் திரும்பி ரேணுகாவைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், நீ சொல்லுவாயா என்று ஒரு கேள்விதான் இருந்தது. ரேணுகா குனிந்து லேபிளில் தேதி எழுதினாள். நேற்றே வந்தார்கள். நேற்றே வந்தார்கள், நான்தான், இல்லை, அன்றைக்கு ஸ்டேஷனில் யாருமே இல்லை, எல்லோரும் மலைக்கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள், அவள் ஒருத்திதான் காலை ஆறு மணியிலிருந்து பாரா டியூட்டியில், மாற்றுக்கு வரவேண்டியவள் வரவில்லை, கால் வீங்கி ஷூ கழலவில்லை. சாயந்திரம் தாயும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். "என்ன?" என்றாள். "பொண்ணை ஒருத்தன்..." என்று தாய் தொடங்கி நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலேயே ரேணுகாவுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் விஷயம். புரியாமல் அனுப்பியிருந்தால் இந்த மாதிரி இருக்காது. புரிந்தது. புரிந்ததும், இனி ஆஸ்பத்திரி, ரிப்போர்ட், வீட்டுக்குப் போக விடிந்துவிடும் என்று கால் சொன்னது, கால் சொன்னதை வாய் கேட்டது. "இன்ஸ்பெக்டர் அம்மா இல்லை. காலைல வாங்க." எவ்வளவு சாதாரணமாக வந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வதைப்போல.

எஃப்.ஐ.ஆர். எழுதும்போது தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் வரும். சகாயமேரி அம்மா அதை யோசிக்கவே இல்லை, சொல்லச் சொல்ல ரேணுகா டைப் அடித்தாள். 'பயத்தினாலும் குடும்ப மானம் கருதியும் உடனடியாகப் புகார் அளிக்கவில்லை.' எல்லா எஃப்.ஐ.ஆரிலும் அடிக்கிற வரிதான், விரலே அடித்துவிடும். அடித்து முடித்துவிட்டுப் படித்தபோதுதான் பயம் யாருடையது, மானம் யாருடையது என்று தோன்றியது. "அம்மா, அவங்க நேத்து சாயந்திரமே..." என்று ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார், நீளமாகப் பார்த்தார். "வந்தாங்களா? ரெஜிஸ்டர்ல இருக்கா?" "இல்லம்மா." "அப்ப வரலை. உனக்காகத்தான் சொல்றேன் ரேணுகா. புகாரை வாங்காம திருப்பி அனுப்பினா அனுப்பினவளுக்கு ஜெயில், தெரியுமில்ல." தெரியும். அதையும் பயிற்சியில் சொன்னார்கள், ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்ன அதே அம்மாள்தான் சொன்னாள். அன்று வாசல் காமிரா பழுதாகிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குள் ஓர் ஆறுதல், குளிர்ந்த தண்ணீர் குடித்தமாதிரி ஓர் ஆறுதல் இறங்கியது. இப்போது வெட்கமாக இருப்பது அந்த ஆறுதலை நினைக்கும்போதுதான். வேன் டிரைவருக்கு வக்கீல் வைத்தாயிற்று, பெரிய வக்கீல். ஏன்மா உடனே போகலை, ஏன் குளிச்சே, ஏன் துவைச்சே, ராத்திரி பூரா என்ன பேசினீங்க, யாரை மாட்டிவிடலாம்னா? அந்தக் குரலை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள், வேறு வேறு கேஸில், கோர்ட் கதவோரம் நின்றபடி. பெண் கூண்டில் நின்று, போனோம் சார், அப்பவே போனோம் என்பாள். ரெஜிஸ்டரைக் காட்டுவார்கள். போகவில்லை என்று ரெஜிஸ்டர் சொல்லும். ஒரு பொய் என்றால் எல்லாமே பொய். அந்த ஒரு பொய்யை இவள் சொல்லவே இல்லையே, நான்தானே டைப் அடித்தேன்.

"யாரும்மா அது, ஈரப் பெட்டியை வச்சுக்கிட்டு?" என்று ஒரு குரல். வெள்ளைக் கோட்டுக்கு மேலே முக்காடு போட்ட ஐம்பது வயதுப் பெண், கையில் கோப்பு. திருவேங்கடம் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். உதவி இயக்குநர் ஹசீனா மேடம், டி.என்.ஏ. பிரிவு என்று அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது. மேடம் நாலாவது கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவர் சொல்றது சரிதான். எடுத்துட்டுப் போங்க. ரத்தத்தை ஸ்டேஷன்ல வைக்காதீங்க, ஜி.எச். ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லுங்க, உறைய வைக்கக் கூடாது. துணி காய்ஞ்சிருக்குல்ல? பயப்படாதீங்க, எட்டு நாள்ல ஒண்ணும் ஆகாது." எட்டு நாளில் ஒன்றும் ஆகாது. அழுகை வந்தது ரேணுகாவுக்கு, காக்கியைப் போட்டுக்கொண்டு அழக் கூடாது என்று விழுங்கினாள். மேடம் லெட்டரை மேலும் படித்தார். "துப்பட்டா மட்டும்தானா? மத்த துணி?" "துவைச்சிட்டாங்க மேடம். அதனால அம்மா அனுப்ப வேண்டாம்னுட்டாங்க." "எந்த அம்மா? பொண்ணோட அம்மாவா?" "இல்ல மேடம், எங்க இன்ஸ்பெக்டர் அம்மா." ஹசீனா மேடம் கோப்பை மேஜையில் போட்டார். சத்தம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. "எத்தனை தடவைதான் சொல்றது உங்க ஆளுங்களுக்கு! துவைச்சா எல்லாம் போயிடுமா? நூலுக்குள்ள ஒட்டிக்கிட்டது சோப்புக்குப் போகாது. துவைச்ச துணியில எத்தனையோ தடவை எடுத்திருக்கோம். கிடைக்கும்னு சொல்லலை. பார்க்காமலே கிடைக்காதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன். அந்தத் துணி இன்னும் இருக்கா?" "தெரியலை மேடம்." "கேளுங்க. இருந்தா அடுத்த தடவை அதையும் கொண்டு வாங்க. இந்தாங்க, இந்த விவரப் படிவத்தைப் பாதி வெறுமையா விட்டிருக்கீங்க. சம்பவம் எத்தனை மணி, குளிச்சது எத்தனை மணி, டாக்டர் எடுத்தது எத்தனை மணி, நடுவுல ஏன் அவ்வளவு நேரம். எல்லாம் வேணும். ஒண்ணும் கிடைக்கலைன்னு நான் எழுதினா, ஒண்ணும் நடக்கலைன்னு கோர்ட்டுல வாசிப்பாங்க. ஏன் கிடைக்கலைங்கிறதுக்கு நேரம்தான் பதில். ஏன் அவ்வளவு லேட்டா வந்தாங்க அவங்க?" ரேணுகாவின் வாய் திறந்தது. மேடத்தை யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் போய்விட்டார், ரப்பர் செருப்பு தரையில் கீச் கீச் என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

பஸ் நிலையத்தில் வேலாம்பட்டறை வண்டி மூன்றரைக்குத்தான் என்றார்கள். ஜன்னல் ஓரச் சீட்டில் பெட்டிகளோடு ஏறி உட்கார்ந்தபோது டிரைவர்கூட இன்னும் வரவில்லை. படிவம் மடியில் இருந்தது. உண்மையை எழுதினால் என்ன ஆகும், முதலில் மெமோ வரும், பிறகு சஸ்பென்ஷன், காக்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு பீரோவில் வைக்க வேண்டும், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், வீட்டுக்காரர் பாஸ்கர் ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். காய்ச்சலோடு நானூறு மீட்டர் ஓடி வாங்கிய வேலை. ஜெயில்கூட என்கிறார்கள். வேலூரிலா, திருச்சியிலா, பெண்கள் ஜெயில் எங்கே இருக்கிறது, எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள், உள்ளே போனதில்லை. சகாயமேரி அம்மாவையும் இழுக்கும் இது. நல்லவர்தான், எனக்காகத்தான் சொன்னார், எனக்காக. யாரும் கேட்கவில்லை, காமிரா இல்லை, ரெஜிஸ்டர் இல்லை, வெறுமையாகவே விட்டால் வெறுமையாகவே இருக்கும், படிவத்தில் பாதி வெறுமையாக விடுவது எல்லோரும் செய்வதுதான். சம்பவம் மதியம் மூன்றே முக்கால். டாக்டர் எடுத்தது மறுநாள் ஒரு மணி. இருபத்தொன்றே கால் மணி நேரம். அன்று சாயந்திரமே அனுப்பியிருந்தால் நாலு, மிஞ்சினால் ஐந்து. எத்தனை தடவை கழித்தாலும் அதே கணக்குத்தான் வருகிறது. வெயில் சீட்டை எரித்தது. துணி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அதையாவது கேட்க வேண்டும், அது டியூட்டி. தாயின் நம்பரை அழுத்தினாள். எடுப்பதற்குள் வைத்துவிடலாமா என்று இருந்தது. எடுத்துவிட்டாள். பின்னால் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம். "அம்மா, நான் ஸ்டேஷன்லேர்ந்து ரேணுகா பேசறேன். அன்னிக்கு அந்தத் துணி... அலசிப் போட்டீங்களே, அது இருக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?" "இருக்கும்மா. புதுச் சுடிதார், இவ போட மாட்டேங்கறா, எரிக்கவும் மனசு வரலை. பையில கட்டி வச்சிருக்கேன். என்னத்துக்கு?" "அதைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். நான் வந்து வாங்கிக்கறேன்." "சரிம்மா." வைத்துவிடலாம். கேட்டாயிற்று. வைத்துவிடலாம். "அம்மா, அன்னிக்கு சாயந்திரம் நீங்க ஸ்டேஷனுக்கு வந்தீங்களே. எத்தனை மணின்னு ஞாபகம் இருக்கா?" "நாங்க வரவே இல்லைன்னு எழுதியிருக்கீங்களேம்மா" என்றாள் தாய். "பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு." திட்டவில்லை, எழுதியிருப்பதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். "வந்தீங்க. நான்தான் இருந்தேன். நான்தான் போகச் சொன்னேன். அதை எழுதப் போறேன். மணி சொல்லுங்க." யாரோ தாயைச் சட்டி எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இரு வரேன் என்று அவள் அதட்டினாள். "ஆறே முக்கால் டவுன் பஸ்ல வந்து இறங்கினோம். ஏழு மணி வண்டிக்கே திரும்பிட்டோம். பத்து நிமிசம்கூட நிக்கலைம்மா உங்க வாசல்ல" என்றாள். ரேணுகா படிவத்தைப் பெட்டியின் மேல் விரித்து, பஸ் கிளம்புவதற்கு முன், எழுத்து நடுங்காமல் இருக்கும்போதே எழுதினாள்: புகார் கொடுக்க வந்த நேரம் அதே நாள் மாலை 6.45. புகாரைப் பெறாமல் திருப்பி அனுப்பியவர் முதல்நிலைக் காவலர் 1184, மு. ரேணுகாதேவி.